கிடாரம் ஏறுகிற கார்

1

இந்த ஆடியோடு நான் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து முப்பது வருசம். இத்தனை காலமும் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், வீடு துடைத்தேன், சின்யோராக்களின் வீட்டு விரிப்புகளுக்கு அயன் பிடித்தேன், ஒரு பெண்பிள்ளையைப் பெற்று வளர்த்தேன் என்பதையெல்லாம் பிறகுதான் சொல்லுவேன். முதலில் சொல்லுவது, அம்மன் கோயில் ஆடிப்பூரத்துக்குச் சர்க்கரைப் பொங்கல், எங்கள் பேச்சில் சர்க்கரைப் புக்கை, பொங்குகிறவள் நான் என்பதைத்தான். அதில் எனக்குப் பெருமை. மறைக்க மாட்டேன்.

கோயில் என்றதும் கோபுரத்தையும் தேர்முட்டியையும் நினைத்துவிட வேண்டாம். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் வாடகைக்கு எடுத்த மண்டபம். உள்ளே நெருப்பு மூட்ட மண்டபச் சொந்தக்காரர் விடமாட்டார். ஆகையால் நான் குடியிருக்கும் சீசா என்கிற பகுதியில், எங்கள் மாடிக்கட்டிடத்தின் நடுமுற்றத்தில் பெரிய காஸ் அடுப்பை வைத்து, நானும் மேரியும் பொங்குவோம். மேரி மன்னார்க்காரி, வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தவறமாட்டாள், ஆடிப்பூரத்துக்கும் தவறமாட்டாள். கேட்டால், "உங்கட அம்மனுக்கும் எங்கட மாதாவுக்கும் சண்டை இல்லை ராசக்கா, எங்களுக்கேன்?" என்பாள். பொங்கி இறக்கியதும் எங்கள் ஊர்க்காரர் சிவா தன் வான் வண்டியில் கிடாரத்தோடு ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவார். வருசா வருசம் அப்படித்தான்.

கிடாரத்தைக் காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கலியாணவீட்டுச் சமையலுக்கு வைக்கிற, வாய் அகன்ற பெரிய பாத்திரம். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் காது இருக்கும். எங்களுடையது பாரிசில் வாங்கிய அலுமினியக் கிடாரம். மேரியை உள்ளே இருத்தி மூடியும் விடலாம்.

போன மாரியில் சிவா, தன் தம்பியின் கடையைப் பார்க்கவென்று குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். வானும் போய்விட்டது. வைகாசியில் கோயில் தலைவர் என்னிடம் வந்தார்.

"அக்கா, இனி நீங்கள் கஷ்டப்படாதேங்கோ. இந்தமுறை கடையில ஓடர் குடுப்பம். ஆளுக்கொரு சாப்பாட்டுப்பெட்டி. அடைச்சே கொண்டந்து தருவினம்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பெட்டி ஒருதரம் கோயிலுக்குள் வந்தால் கிடாரம் திரும்பி வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கிடாரம் வரும்" என்றேன்.

"எதிலயக்கா வரும்?"

"என்ர மகளின்ர காரில."

மகளிடம் அப்போது கார் இல்லை.

2

மகள் தர்ஷினி இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி. என்னோடு தமிழில் தொடங்குவாள், கோபம் வந்தால் சிசிலிக்காரி ஆகிவிடுவாள், நித்திரையில் கதைப்பது முழுக்க இத்தாலி. பேருந்தில் இடிபட்டு வேலைக்குப் போய் அலுத்து, ஒரு கார் வாங்கப்போகிறேன் என்று ஆறேழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நம்பித்தான் நான் தலைவரிடம் வாயை விட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து என் தம்பி யோகன் வந்து இறங்கினான். வேலை முழுக்க ஒரு அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்கா, அப்படியொரு ஊர். இப்போதுதான் ஓய்வு எடுத்திருக்கிறான். அமெரிக்கக் காரைப் பற்றி யாரும் குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்னதுபோல முகம் மாறிவிடும்.

வந்த மறுநாள் காலை பல்கனியில் தேத்தண்ணியோடு நின்றவன், கோப்பையைப் பொத்தென்று வைத்தான்.

"அக்கா! உது எங்கட வான்!"

எட்டிப் பார்த்தேன். பழக்காரன் பெப்பே வழக்கம்போல வீட்டுக்குக் கீழே வானை நிறுத்தி, ஒலிபெருக்கியில் கூவி வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, விற்றுக்கொண்டிருந்தான். வானின் நிறம் என்னவென்று பெப்பேக்கே மறந்திருக்கும். கூரையிலும் பெட்டி, உள்ளேயும் பெட்டி.

"அது எங்கட இல்லை, பெப்பேயின்ர."

"இல்லையக்கா, எங்கட ஃபக்டரி வான்! உதுகளுக்குச் சீற் பூட்டினவன் நான்."

இடுப்பில் கட்டிய சாரத்தோடேயே படியிறங்கி ஓடினான். பக்கக் கண்ணாடியைத் தொட்டான், சக்கரத்துக்கு மேலே தட்டினான், துருப்பிடித்த கறளைத் தடவினான். பெப்பே இவனுக்கு வெயில் பிடித்துவிட்டதென்று நினைத்து ஒரு துண்டு வத்தகப்பழம் வெட்டிக் கொடுத்தான். தின்றுகொண்டே மேலே என்னைப் பார்த்துக் கையசைத்தான். அறுபது தாண்டினவன், விளையாட்டுச் சாமான் கண்ட பிள்ளைபோல.

பின்னேரம் தர்ஷினி போனில் ஒரு காரைக் காட்டினாள். "மாமா, நான் பாத்து வச்சிருக்கிறதும் அமெரிக்கன்தான். பெல்லிஸ்ஸிமா, நல்ல வடிவு, என்ன?"

வடிவுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற கார். யோகனுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியளே அக்கா? பிள்ளைக்கு ரத்தத்தில இருக்கு."

"கிடாரம் ஏறுமோ?" என்றேன்.

"அம்மா! ஆர் கார் வாங்கேக்க கிடாரத்தை நினைக்கினம்?"

"நான்."

3

என்னைப் பார்த்தால் கார் அறிந்தவள்போலத் தெரியாது. ஆனால் நானும் மேரியும் கார் படித்த பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அது குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தின் வாசல். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடியமுன் போய் வரிசையில் நின்றால் உச்சி வெயிலிலும் நிற்போம். பொழுது போகவேண்டுமே. போகிற கார்களைப் பங்கு போடுவோம். இத்தாலிக் கார் மேரிக்கு, யப்பான் கார் எனக்கு, பிரெஞ்சும் ஜெர்மனும் மாறி மாறி. எழுத்துக் கூட்டி வாசிக்க அப்போது எங்களுக்கு வராது. முன்மூக்கில் இருக்கிற படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். அமெரிக்கக் கார் யாருக்கு என்று ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அது எப்போதாவதுதான் வரும். பிறகு ஒன்றிரண்டு சின்னதாக வந்தன, கொஞ்சக் காலம் ஓடித் திரிந்தன, மெல்ல மெல்ல இல்லாமல் போயின. கொரியாக் கார் முதலில் வந்தபோது மேரி சிரித்தாள். இரண்டு மூன்று வருசத்தில் முகம் மாறி, திரும்பவும் மாறி, நல்ல வடிவாக வந்து நின்றது. "இது கெட்டிக்காரப் பிள்ளை, பாடம் பிடிக்குது" என்றாள். இப்போது சீனக் கார் வருகிறது, உள்ளே தொலைக்காட்சிப்பெட்டி அளவில் திரை. வரிசையில் நின்றவர்களுக்குக் காலம் தெரியும். எங்களுக்கு மாதிரிகள் மாறுவதும் தெரியும்.

அதனால்தான் கண்ணால் பார்த்து நம்பவேண்டாம், கிடாரத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம் என்று நான் சொன்னபோது மேரி மறுபேச்சுப் பேசவில்லை. தர்ஷினி தலையில் கை வைத்தாள்.

யோகனையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் கிடாரத்தை ஏற்றினோம். சாரதி திரும்பிப் பார்த்தார்.

"சின்யோரா, குளிக்கப் போறீங்களா?"

"இல்லை, கார் வாங்க" என்றேன்.

பேருந்து முழுக்கச் சிரித்தது. இறங்கும்வரை ஒருவர் மாறி ஒருவர் கிடாரத்தில் தாளம் போட்டார்கள். தர்ஷினி எங்களைத் தெரியாதவள்போலப் பின் சீற்றில் இருந்தாள்.

முதலில் அவளுடைய அமெரிக்கக் கார். விற்கிற பிள்ளை நல்ல பிள்ளை, கழுத்துப்பட்டி கட்டியிருந்தது. நான் பேசுகிற இத்தாலி குசினியிலும் குளியலறையிலும் படித்தது. வாளி, கறை, துடைப்பம் எல்லாம் தெரியும், காரின் பின்பக்கத்துக்குப் பெயர் தெரியாது. "இந்தக் காரின் அலுமாரியைத் திறவுங்கள்" என்றேன். உடனே திறந்தது. யோகனும் அந்தப் பிள்ளையும் கிடாரத்தைத் தூக்கி வைத்தார்கள். உள்ளே போய் அளவாக இருந்தது.

"பாத்தியளே!" என்றான் யோகன்.

"வெறுங் கிடாரம் ஆருக்கு வேணும்?" என்று சொல்லி, மேரி தோள்பையிலிருந்து அரிசிப் பைகளை எடுத்தாள். அவள் எப்போதும் ஒரு படி முன்னே. நான் கொண்டுவந்ததையும் போட்டோம். "இப்ப இறக்கி, திரும்ப ஏத்துங்கோ" என்றேன்.

இறக்கிவிட்டார்கள். ஏற்றத்தான் முடியவில்லை. காரின் பின்வாசல் என் நெஞ்சு உயரம். இத்தனைக்கும் அரிசி கால் கிடாரம்தான். கொதிக்கிற புக்கையென்றால் நினைத்துப் பாருங்கள். மூன்றாந்தரம் முயன்றபோது விற்கிற பிள்ளையின் கழுத்துப்பட்டி கிடாரத்துக்குள் விழுந்தது, தலையும் கூடவே போனது. பாவம், வெளியே வந்ததும் தானும் சேர்ந்து சிரித்தது.

யோகன் சிரிக்கவில்லை. "இது காட்டு வழியில ஓடுறத்துக்கு உயரமாப் படம் கீறிச் செய்தது" என்றான்.

"சீசாவில எங்கயடா காடு?" என்றேன்.

பிறகு இத்தாலிக் காருக்குப் போனோம். செல்லமான கார், எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள் கண்ணை மூடிக்கொண்டு போகும். கிடாரம் வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்த மனிசன், "சின்யோரா, சின்னக் கிடாரம் இல்லையா?" என்று கேட்டார். கொரியாக் காரில் உயரம் சரி, மேல்கதவு சரிந்து வந்து கிடாரத்தின் காதில் முட்டியது. சீனக் காரில் திரை எங்களுக்கு வணக்கம் சொன்னது. மேரி திரும்ப வணக்கம் சொன்னாள். கிடாரம் ஏறவில்லை.

கடைசியாக யப்பான் கார். சின்னதாக, முகத்தில் ஒரு பெருமையும் இல்லாமல் நின்றது. யோகன் வெளியே நின்றுகொண்டான். விற்கிற பெண் கிடாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்பக்கத்துக்குப் போகவேயில்லை. பக்கக் கதவைத் திறந்து, பின்சீற்றில் ஆள் இருக்கிற பாகத்தைப் பிடித்து மேலே நிமிர்த்தினாள், படமாளிகைக் கதிரைபோல. தரை வெறுமையாகி முழங்கால் உயரத்துக்கும் கீழே கிடந்தது. கிடாரத்தை அரிசியோடு நானும் மேரியுமே நகர்த்தி உள்ளே வைத்தோம். கதவும் சாத்துப்பட்டது.

தர்ஷினி முன்சீற்றில் ஏறி இருந்து பார்த்தாள். திரும்பிக் கிடாரத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நிப்பாட்டவும் இதுதான் சுகம்" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்காக என்று சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான்.

"எப்ப தருவீங்கள்?" என்று கேட்டேன்.

"ஐப்பசி அளவில், சின்யோரா. கப்பலில் வரவேண்டும்."

ஆடிப்பூரத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

4

திரும்பி வருகிற பேருந்தில் கிடாரத்துக்கு யாரும் தாளம் போடவில்லை. யோகன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஊரில் அவன் இருபத்தைந்து வயதில் நின்ற கோலம் நினைவு வந்தது. போர்த் தடையால் ஊருக்குப் பெற்றோல் வராத காலம் அது. பழைய இங்கிலீசுக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஊசிமருந்துக் குப்பியில் பொத்தி வைத்த பெற்றோலில் நாலு துளி விட்டு முடுக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஊரை மூடும். அந்த வேலையில் யோகனை அடிக்க ஆளில்லை. அந்தக் கார்களைக் கீறின வெள்ளைக்காரன் எங்கள் ஊரை நினைத்துக் கீறவில்லை. எங்கள் ஆட்கள்தான் அதை வாழைக்குலைக்கும் பிள்ளைப்பெறுவுக்கும் பழக்கினார்கள். தர்ஷினியின் தகப்பன் என்னைக் கலியாணம் முடித்துக் கூட்டிப்போனதும் அப்படி ஒரு காரில்தான். இறங்கும்போது கூறைச்சேலையில் மண்ணெண்ணெய் மணத்தது. அந்த மனிசன் போய்ச் சேர்ந்துவிட்டார், சேலை இருக்கிறது.

"ஏன்ரா தம்பி" என்றேன், "அவ்வளவு பெரிய நாடு. உங்கட ஆக்களுக்கு உப்பிடி ஒரு சீற் கீறத் தெரியாதோ?"

"தெரியுமக்கா." சன்னலை விட்டுத் திரும்பினான். "அங்கை பெரிய வண்டிதான் விக்கும். அதில லாபம். விக்கிறதையே இன்னும் பெரிசாக் கீறுவினம். சின்னக் கார் எண்டால் கரைச்சல் எண்டு விட்டிட்டினம். யப்பான்காரன் அடுத்தவன்ர தெருவில போய் நிண்டு, சனம் சாமானை எப்பிடி ஏத்துது, பிள்ளையை எப்பிடி இருத்துது எண்டு பாத்திட்டுக் கீறினான். கொரியாக்காரன் அதைப் பாத்துப் படிச்சு, கெதியாச் செய்தான். எங்கட ஆக்கள் தங்கட தெருவை மட்டும் பாத்தினம்."

"தங்கட தெருவுக்கு எண்டாலும் நல்லாச் செய்தவையோ?"

"செய்தவை. அங்கத்தைக் குடும்பத்துக்கெண்டு ஒரு வான் செய்தம் அக்கா. அதைப்போல ஒண்டு ஒருத்தனும் செய்யேல்ல. நடுச் சீற்றும் பின் சீற்றும் அப்பிடியே மடிஞ்சு தரைக்குள்ள போயிடும். மேல மூடினால் சமதரை. பாயை விரிச்சுப் படுக்கலாம். அந்தச் சீற்றைத்தான் நான்…"

நிறுத்தினான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். மேரி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"பெப்பே!" என்றாள் மேரி.

5

பெப்பே நம்பவில்லை. "சீற் தரைக்குள்ள போகுமா? இந்த வானை வாங்கி எத்தனை வருசம்! நான் பெட்டியைச் சீற்றுக்கு மேல அடுக்கி அடுக்கி முதுகு போச்சு" என்றான். பழசாக வாங்கின வான். விற்றவன் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

பெட்டிகளை இறக்கினோம். ஒழுங்கையே கூடிவிட்டது. யோகன் முழங்காலில் இருந்து தரை விரிப்பை உரித்தான். எத்தனையோ கோடைக்காலத்துத் தக்காளிச்சாறு பசையாக ஒட்டியிருந்தது. சுடுதண்ணி ஊற்றினேன், மேரி அகப்பைக் காம்பால் சுரண்டினாள். ஒரு மூடி கிளம்பியது. யோகன் சீற்றின் பக்கத்தில் எதையோ அழுத்தினான், அசையவில்லை. திரும்பவும் அழுத்தினான். அவன் கழுத்தில் வேர்வை ஓடியது. இது அசையாவிட்டால் எனக்குப் பெட்டிச் சோறுதான்.

"அக்கா, அந்தப் பக்கத்தால ஒரு உதை விடுங்கோ."

விட்டேன். முப்பது வருசம் மண்டியிட்டுத் தரை துடைத்த கால். சீற் முனகிக்கொண்டு தலை குனிந்து, மடிந்து, குழிக்குள் இறங்கிக் காணாமல் போனது. யோகன் மூடியைச் சாத்தி உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"மதோன்னா!" என்று பெப்பே சிலுவை போட்டுக்கொண்டான். உடனே மூடியைத் திறந்து சீற்றைப் பார்த்தான், சாத்தினான், திறந்தான். பல்கனிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யோகன் எழும்பி நின்று கண்ணைத் துடைத்தான். கேட்டதற்குத் தக்காளித் தூசி என்றான்.

ஆடிப்பூரத்தன்று பெப்பே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வானைக் கழுவியிருந்தான். நிறம் நீலம் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. புக்கை பொங்கி இறக்கி, ஈரச் சாக்குச் சுற்றி, இரண்டு ஆம்பிளைகள் காதைப் பிடித்துத் தூக்க, கிடாரம் சமதரையில் போய் அமர்ந்தது. யோகன் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து அதை அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"பொறு" என்று நான் மறித்தேன். எங்கள் வழக்கத்தில், நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எடுக்கக்கூடாது. நான் கொண்டுவந்ததைப் பெப்பே வாங்கிப் பார்த்தான்.

"இதென்ன சின்யோரா, கடைப்பழமா? என் வானுக்கா?"

தன் பெட்டியைக் கிளறி, முருங்கைக்காய் நிறத்து இலையோடு, குழந்தையின் தலையளவு எலுமிச்சையாகப் பார்த்து நாலு எடுத்து வைத்தான். வான் அதில் ஏறி இறங்கியபோது சீசா முழுக்க மணத்தது.

கோயில் வாசலில் தலைவர் நின்றார். முன்யோசனையாகக் கொஞ்சப் பெட்டிக்கும் சொல்லி வைத்திருக்கிறார், அவை மேசையில் அடுக்கிக் கிடந்தன. பெப்பே வானின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தான். அந்த வானில் கதவும் தள்ளுகதவுதான், அதையும் கீறினவன் நன்றாகக் கீறியிருக்கிறான். உள்ளே கிடாரம், கிடாரத்தோடு யோகன், அவன் மடியில் அகப்பை.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு காதைத் தானே பிடித்தார்.

பெட்டிகளைத் திறக்க ஆளில்லை. பிறகு தர்ஷினி அவற்றை ஆஸ்பத்திரியில் பகிர்ந்துவிட்டாள். பெப்பே மூன்றுதரம் புக்கை வாங்கிச் சாப்பிட்டான். தலைவர் கையைத் துடைத்தபடி என்னிடம் வந்து, "அடுத்த ஆடிக்கும் இப்பிடியே செய்வம், என்னக்கா?" என்றார். "செய்வம்" என்றேன், பெரிதாக யோசிக்கிறவள்போலக் கொஞ்சம் பொறுத்து.

ஐப்பசியில் யப்பான் கார் வந்தது. நல்ல கார். தர்ஷினி அதில் வேலைக்குப் போகிறாள், தோழிகளோடு கடலுக்குப் போகிறாள், வீட்டுக்குப் பிந்தி வருகிறாள். தைப்பொங்கலுக்குக் கிடாரத்தை அவளுடைய காரில் ஏற்றலாம் என்றேன். பெப்பேக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என் வேலை" என்கிறான்.

"அப்ப நான் ஏனம்மா இந்தக் காரை எடுத்தனான்?" என்று தர்ஷினி கேட்கிறாள்.

"நீ ஓடித் திரிய, பிள்ளை" என்றேன்.

யோகன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். ஞாயிறுகளில் போனில் படம் போட்டுக் கதைப்பான். என்னோடு கொஞ்ச நேரம்தான். பிறகு, "அக்கா, போனைக் கீழ கொண்டுபோங்கோ" என்பான். பெப்பே தரை மூடியைத் திறந்து காட்டுவான். சீற்றுகளை ஒரேயடியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அந்தக் குழிகளுக்குள் வெயில் படாமல் பழம் அடுக்கியிருக்கிறான். குளிர்ச்சியாக இருக்கிறதாம், பழுதாகாமல் இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறதாம்.

"இதை எங்கட ஆக்கள் யோசிக்கேல்ல அக்கா" என்று அந்தப் பக்கத்திலிருந்து யோகன் கத்துவான். "ஒருத்தரும் யோசிக்கேல்ல!"